பூசையில் வைத்த டேப்

எண்பதுகளின் கடைசியில், ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த ஈப்போ அலுவலகம் ஒன்றில் கணினி என் பொறுப்பில் இருந்தது. யூனிக்ஸில் ஓடிய அந்த இயந்திரத்தில், ஒன்பது தோட்டங்களில் ஒவ்வொரு தொழிலாளியும் வெட்டிய ரப்பர் பாலின் எடை தினமும் ஏறும். அதை வைத்துத்தான் மாதச் சம்பளம். மாலை ஐந்து மணிக்கு அந்தக் கோப்பு தானாகவே டேப்பில் நகலாகும்படி நிரல் எழுதியிருந்தேன். ஆள் மறப்பான், நிரல் மறக்காது. ஆனாலும் டேப் சுற்றும் சத்தத்தைக் கேட்காமல் வீட்டுக்குப் போகமாட்டேன்.

தீபாவளிச் சம்பளம் நெருங்கிய சமயம். ஆயுத பூசையன்று மதியம் டேப்பைக் காணோம். முன்னறையில் சாமி படத்துக்குக் கீழே, கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில், சந்தனப் பொட்டோடு இருந்தது. வைத்தவர் எங்கள் தட்டச்சர்.

"கம்ப்யூட்டர தூக்கிட்டு வர முடியுமாண்ணே? அதான் அதோட டேப்ப வெச்சேன்."

"சாயங்காலம் அது வேணும், தங்கச்சி."

"தா போலே லா, முடியாதுண்ணே. படையல்ல வெச்சத நாளைக்கு மறுபூசை முடிஞ்சாதான் எடுக்கணும். அதுக்கும் ஒரு நாள் லீவு குடுங்களேன்."

அலமாரியிலிருந்து புது டேப் ஒன்றைப் போட்டேன். மூன்று மணிக்கு இடி இடித்து மின்சாரம் போய் வந்தது. ஐந்து மணிக்கு டேப் ஒழுங்காகச் சுற்றியது.

மறுநாள் காலை கோப்பைத் திறந்தால், ஐந்து தோட்டங்களின் எடை சரியாக இருந்தது. மீதி நாலும் வெறும் குப்பை எழுத்து. புது டேப்பிலும் அதே குப்பை. மின்சாரம் போனபோது கெட்ட கோப்பை நிரல் அப்படியே நகலெடுத்திருந்தது. பழைய டேப் உள்ளே இருந்திருந்தால் அதிலிருந்த நல்ல நகலும் அழிந்திருக்கும்.

முன்னறைக்குப் போனேன்.

"மறுபூசை இன்னும் ஆகலண்ணே."

"சீக்கிரம் ஆகட்டும். நாலு தோட்டத்துக்குத் தீபாவளி அதுலதான் இருக்கு."

அவர் அவசரப்படவில்லை. கற்பூரம் அணைந்த பிறகே எடுத்துக் கொடுத்தார். பஞ்சால் சந்தனத்தைத் துடைத்து இயந்திரத்தில் போட்டேன். ஒன்பது தோட்டங்களும் திரும்பி வந்தன. பூசை நாளின் எடையை மட்டும் தோட்டத்துச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி ஏற்றினோம். சம்பளம் தீபாவளிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே நிரலை மாற்றினேன். டேப்புகள் இரண்டு, ஒன்று எப்போதும் வெளியே இருக்கும். நேற்றைய டேப்பே உள்ளே இருந்தால், எழுதாமல் மணி அடிக்கும். அடுத்த ஆண்டு பூசைக்கு வெளியே இருந்த டேப்பை நானே எடுத்துக் கொடுத்தேன், சந்தனம் உள்ளே போகாதபடி அதன் பெட்டியின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு.