அப்பா அத்தையின் கையைப் பிடித்த நாள்

இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும் வணக்கம். அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. வீட்டுக்கு மூத்தவள் நான் என்பதால் அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நல்லதா மட்டும் எழுதுக்கா" என்றான் தம்பி. என்னால் அப்படி எழுத முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய அப்பா பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், இளம் வயதிலேயே இறந்துபோனார். அப்போது அப்பா மூன்றாம் வகுப்பிலும் அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, ஆறாம் வகுப்பிலும் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரமே அத்தை பள்ளிக்கூடப் பையை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தம் தந்தையின் உளியோடு பால்மரம் வெட்டப் போனார். அந்தக் கையின் உழைப்பால்தான் அப்பா ஆசிரியர் பயிற்சி வரை படித்தார். இதை மேடைதோறும் அப்பாவே சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் அவர் குரல் தழுதழுக்கும். அது நடிப்பில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே அவர் கட்சியில் சேர்ந்தார். அடையாளக் கார்டு இல்லாத கிழவிகளைத் தம் காரில் ஏற்றிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போவார். பிறந்த இடம் தெரியாத கிழவிக்காக ஒரு பகல் முழுவதும் அங்கே சாப்பிடாமல் நின்றிருக்கிறார். அந்த ஜனங்கள்தான் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அன்று முதல் ஊருக்கே அவர் ஒய்.பி., அதாவது மாண்புமிகு, ஆனார். இரண்டாம் முறை வென்றதும் மாநில ஆட்சிக்குழுவில் இடம் கிடைத்தது. சுல்தான் தரும் டத்தோ பட்டமும் வந்தது. நாங்கள் ஈப்போவில் குனோங் ராபாட்டுக்குக் குடிவந்தோம். அத்தை தோட்டத்திலேயே இருந்துவிட்டார்.

பிறகு அந்தத் தோட்டம் விற்கப்பட்டது. வாங்கிய நிறுவனம் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியது. யாரும் பயப்படவில்லை. "நம்ம ஒய்.பி. இருக்காருலா" என்றார்கள். அப்பா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, மாற்று வீடு கையில் கிடைக்காமல் ஒரு சட்டிகூட வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தார். நானும் அங்கே இருந்தேன். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

இடிக்கும் நாள் குறித்தபோது வீடு எதுவும் தயாராகவில்லை. கட்சித் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, "நீங்க நேர்ல நின்னாதான் ஜனங்க அடங்குவாங்க" என்றார். முடியாவிட்டால் பதவியை விட்டுவிடுங்கள் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்பா மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார். நான்காம் நாள் அரசு விழாக்களுக்குப் போடும் பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருடைய ஓட்டுநர் அந்தத் தோட்டத்துப் பிள்ளை, அன்று வேலைக்கு வரவில்லை. காரை நான்தான் ஓட்டினேன். சிம்பாங் பூலாய் தாண்டி நெடுஞ்சாலை ஏறியபோது, "திரும்பிப் போயிடலாம்பா" என்றேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மற்ற குடும்பங்கள் சாமான்களைச் சாலையோரம் அடுக்கிவிட்டிருந்தன. அத்தை மட்டும் தம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. மண்வாரி இயந்திரம் பத்தடி தள்ளி உறுமிக்கொண்டு நின்றது. அப்பா போய்க் குனிந்தார்.

"அக்கா, எந்திரி. பத்திரிகைக்காரங்க நிக்கிறாங்க."

"சோறு இன்னும் வேகல தம்பி."

"எந்திரிக்கா. என்னை அசிங்கப்படுத்தாத."

அத்தை அசையவில்லை. அப்பா நிமிர்ந்து, நிறுவனத்துப் பாதுகாவலர் ஒருவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அந்த ஆள் முன்னால் வந்தபோது அத்தை அப்பாவிடம் சொன்னார்:

"கண்டவன் கை எதுக்கு? நீயே புடிச்சித் தூக்கு."

அப்பா பிடித்தார். வலது கையைப் பிடித்து இழுத்தார். அத்தை முரண்டு பிடித்தாரா, கால் வழுக்கியதா என்று எனக்குத் தெரியாது. ஒரு சத்தம் கேட்டது. அத்தை படியிலிருந்து மண்ணில் விழுந்தார். தோள்பட்டை விலகிவிட்டது. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு காருக்கு நடந்தார். எங்களுக்குப் பின்னால் சுவர் சரிந்தது. நான் இறங்கி அத்தையைத் தூக்கியிருக்க வேண்டும். நான் காரை ஓட்டினேன்.

மறுநாள் அப்பா அத்தையைப் பிடித்து இழுக்கும் படம் பத்திரிகையில் வந்தது. அடுத்த தேர்தலுக்கு வேட்பாளர்களை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் அறிவித்தார்கள். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லாப் பெயரையும் வாசித்து முடித்தும் அவர் பெயர் வரவில்லை. அவரைத் தோட்டத்துக்கு அனுப்பிய அதே தலைவர் தோளில் கை போட்டு, "அந்தப் படம் உங்களுக்கு ரொம்பக் கெடுதல் பண்ணிருச்சு டத்தோ" என்றார். அப்பா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு வீட்டுத் தொலைபேசி அடிக்கவில்லை. அம்மா இறந்தார். தம்பி வேலைக்காக ஆஸ்திரேலியா போனான். அப்பா தினமும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதே பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. பேச்சாலேயே பிழைத்தவர் அவர்.

என் குற்றத்தையும் இங்கே எழுத வேண்டும். ஒரு மாலை அப்பா தொலைபேசியைக் காட்டிக் காட்டி அழுதார். அத்தையைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும், "என்ன வேணும்? வாயைத் திறந்து சொல்லுங்க" என்றேன். அவர் முயன்றார். எச்சில்தான் வழிந்தது. நான் நின்று பார்த்தேன். எத்தனையோ வருடம் எனக்குள் இருந்த கோபம் அன்று வெளியே வந்தது. அதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்ததையும் மறைக்க மாட்டேன்.

மறுவாரம் அவரைச் சிலிம் ரிவருக்கு அழைத்துப் போனேன். அத்தை இருப்பது தோட்டத்து ஜனங்களுக்குத் தாமதமாகக் கிடைத்த அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காம் மாடியில். மின்தூக்கி பழுதாகியிருந்தது. சக்கர நாற்காலியில் இருந்த அப்பாவோடு கீழே நின்று தொலைபேசியில் அழைத்தேன். அத்தை இடது கையால் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். அப்பா தம் இடது கையை நீட்டினார். அத்தை அதைப் பார்த்தார், தொடவில்லை.

"சாப்பிட்டானா?" என்று என்னிடம் கேட்டார்.

"சாப்பிட்டாரு அத்தை."

"மருந்து ஒழுங்கா குடுக்கிறியா?"

"குடுக்கிறேன்."

"வெயில் ஏறுது பாப்பா. கூட்டிட்டுப் போ."

திரும்பிப் படியேறினார். அப்பா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். அத்தை முதல் படியில் நின்றார். பிறகு ஏறிப் போய்விட்டார். அப்பாவின் கை வீடு வந்து சேரும்வரை மடியில் விரித்தபடியே கிடந்தது. நான்கு மாதத்தில் அவர் காலமானார்.

கட்சியிலிருந்து மலர்வளையம் வந்தது, ஆள் வரவில்லை. அத்தை வந்தார். வாய்க்கரிசி போடும் வரிசையில் கடைசியாக நின்றார். அவருடைய வலது கை தானாக எழாது என்பது பலருக்குத் தெரியும். "பரவாயில்லம்மா, இடது கையாலேயே போடுங்க" என்றார் பூசாரி. அத்தை கேட்கவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்து, அரிசியை அப்பாவின் வாயில் இட்டார். பாதி கன்னத்தில் சிந்தியது. அதைத் துடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிய பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்காவுக்கும், அவரைப் புரட்டிப் படுக்கவைத்த தாதியருக்கும், பாடை சுமந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பாடை சுமந்தவர்களில் பலர் அன்று தோட்டத்தில் சாலையோரம் சாமான்களோடு நின்றவர்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன்.

"இருக்கிறபடி போடு. ஆனா நான் அவன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாத பாப்பா."

எழுதவில்லை, அத்தை.