வழிப்போக்கனுக்கு அரை மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து அறையில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அறையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

அதுதான் பிரச்னை!

எட்டிப் பார்த்தேன். கறுப்புத் திரை. அதில் வரிவரியாகப் பச்சை எழுத்துகள். பரிமளாவின் விரல்கள் கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன.

"என்ன பரிமளா, ஜோக்கா?"

"உங்களுக்குப் புரியாதுங்க."

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களைச் சிரிக்கவைக்கப் படாதபாடு படுகிறவனிடம் சொல்கிற பதிலா இது?

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய பரிமளா, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வேங்கிக்கால் வீட்டில் இருக்கிறாள். சும்மா இருப்பாள் என்று நினைத்தேன். அவளோ பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூசி தட்டி, அதில் 'புல்லட்டின் போர்டு' நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

புல்லட்டின் போர்டு என்பது இன்றைய இணையதளங்களுக்கெல்லாம் மூத்த சங்கதி. ஒருவர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரையே பொது அறிவிப்புப் பலகையாகத் திறந்துவிடுவார். மற்றவர்கள் எங்கிருந்தோ உள்ளே வந்து எழுதலாம், படிக்கலாம், பதில் போடலாம். படம் கிடையாது, வீடியோ கிடையாது, லைக் கிடையாது. வெறும் எழுத்து. நடத்துகிறவருக்கு 'சிஸ்ஆப்' என்று பெயர். அந்த ராஜ்யத்துக்கு அவர்தான் ராஜா... எங்கள் வீட்டில் ராணி.

அதற்கான மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால், நிறுவும்போது அது கேட்கிற கேள்விகள் இருக்கிறதே... போர்டின் பெயர் என்ன? ஒரே சமயத்தில் எத்தனை பேர் வரலாம்? புதியவருக்கு என்ன உரிமை, பழகியவருக்கு என்ன உரிமை? பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு கேட்கவில்லை. எல்லாவற்றையும் முடித்தால், வெளியிலிருந்து யாராலும் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரில் அதற்கென்று ஒரு வாசலைத் திறந்துவிட வேண்டுமாம். நம் இணைப்புக்குத் தனி முகவரியும் வாங்க வேண்டுமாம். பரிமளா போனிலேயே மல்லுக்கட்டி அதையும் வாங்கினாள்.

அடுத்தது தமிழ். அந்த மென்பொருள் இங்கிலீஷுக்கென்றே பிறந்தது. 'கொ' என்று அடித்தால் கொம்பு ஓர் இடத்தில், கால் ஓர் இடத்தில். புள்ளிகள் எல்லாம் மெய்யெழுத்தை விட்டுவிட்டுத் தனியாக நடந்து போயின.

இந்த இடத்தில்தான் அந்த ஆள் வந்தார்.

போர்டில் அவர் பெயர் 'கடலைக்கொல்லை'. ஊர் கீழ்பென்னாத்தூர். வேர்க்கடலை போடும் குடும்பம். அவர் மட்டும் சாஃப்ட்வேர் வேலை, அதையும் வீட்டிலிருந்தே பார்க்கிறார். பரிமளா எங்கோ ஒரு குழுவில் உதவி கேட்டிருக்கிறாள், இவர் கைகொடுத்திருக்கிறார். இருவருமாகச் சேர்ந்து புள்ளிகளை எல்லாம் பிடித்துவந்து எழுத்தின் தலையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

தமிழில் எழுதிப் பிழைக்கிறவன் நான். தமிழைச் சரிசெய்ய வந்தது யார்? அவர்!

அப்புறம் போர்டு களைகட்டிவிட்டது. மௌனம் தேடிச் செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள்கூட இதில் வந்து அரட்டை அடிக்கிறார்கள். எனக்கு வாசகர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருவதில் பாதி 'குட்மார்னிங்'. பரிமளாவுக்கு ஒவ்வொருவரும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். பொறாமை வருமா, வராதா?

போர்டைத் திறந்ததும் முதலில் எங்கள் ஊர் மலை தெரியும். கட்டங்களையும் கோடுகளையும் அடுக்கி எழுத்தாலேயே வரைந்த மலை. உச்சியில் கார்த்திகை தீபம் மஞ்சளாகக் கண்சிமிட்டும். அழகுதான். ஆனால், ஒற்றைக் கூம்பாக, எட்டத்தில் சின்னதாக நிற்கிறது. எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் மலை அப்படியா இருக்கும்? அகலமாக, கண்ணை நிறைத்துக்கொண்டல்லவா நிற்கும்!

கீழ்பென்னாத்தூரிலிருந்து தெரிகிற மலை அது. வரைந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மத்தியானம் பரிமளா தன் அறைக்குள் போனதும், ஹாலில் என் லேப்டாப்பைத் திறந்தேன். போர்டுக்குள் போக ஒரு புரோகிராம் வேண்டும். முட்டி மோதி அதை ஏற்றினேன். 'வழிப்போக்கன்' என்று பெயர் கொடுத்தேன். 'இந்தப் போர்டைப் பற்றி எப்படி அறிந்தீர்கள்?' என்ற கேள்விக்கு, 'நண்பர் மூலம்' என்று பதில் போட்டேன். உள்ளே விட்டுவிட்டது!

கடலைக்கொல்லை எழுதியதை எல்லாம் தேடித் தேடிப் படித்தேன். ரகசியம் எதுவும் இல்லை. மானாவாரிக் கடலை, மழை, அப்பாவோடு சண்டை, பன்றி புகுந்த கதை. பன்றிக் கதையைப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நன்றாக எழுதுகிறார். அதுதான் ஜாஸ்தி எரிச்சல்.

கடைசியில் ஒரு பிழை கண்ணில் பட்டது. விடுவேனா?

'மழையை பற்றி அல்ல. மழையைப் பற்றி. வல்லினம் மிகும்' என்று பதில் போட்டேன்.

சற்று நேரத்தில் மறுபதில். 'ரொம்ப நன்றிங்க ஐயா. இனிமே பாத்து எழுதறேன்.'

சண்டைக்கு வந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்!

திடீரென்று என் திரை வெறுமையானது. 'சிஸ்ஆப் உங்களோடு பேச விரும்புகிறார்' என்று ஒரு வரி. சிஸ்ஆப் நினைத்தால் யார் திரையிலும் நுழைந்து பேசலாம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

'வழிப்போக்கன்னு பேரு. உக்காந்திருக்கறது நம்ம வீட்டு ஹால்ல.'

'எப்படித் தெரியும்?'

'நம்ம வீட்டு நெட்லேர்ந்துதானே வந்திருக்கீங்க. அது தெரியலைன்னாலும், வல்லினம் மிகும்னு வேற யாரு வந்து எழுதப் போறாங்க?'

நேரடியாகவே கேட்டுவிட்டேன். 'தமிழ் சரியா வந்த அன்னிக்கு அந்த ஆள்கிட்டதானே முதல்ல சொன்னே?'

பக்கத்து அறையில் நாற்காலி கிறீச்சிட்டது.

'இல்லைங்க. உங்களைத்தான் கூப்பிட்டேன். ஒரு நிமிஷம்னு சொன்னீங்க. அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியலை.'

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால், அது நான் சொல்லக்கூடிய வாக்கியம்தான்.

'போர்டுக்கு என்ன பேரு வைக்கலாம்னு கேட்டேன். ஏதாவது வைன்னீங்க. அவரு ஒவ்வொண்ணுத்துக்கும் பதில் சொன்னாரு. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்லை.'

இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் நடுவில் புகுந்து வாதம் பண்ணியிருப்பேன். எழுத்தாக வந்ததால் கடைசிவரை படித்தேன். படித்துவிட்டு, பேச்சை மாற்றப் பார்த்தேன்.

'அவருக்கு இதுல என்ன பதவி?'

'துணை சிஸ்ஆப்.'

'எனக்கு?'

'புது ஆளு. ஒரு நாளைக்கு அரை மணி நேரம்.'

'புருஷனுக்குமா?'

'புருஷன்னு செட்டிங்ல ஒரு ஆப்ஷன் இல்லைங்க.'

'பரிமளா, நான் வந்து...' என்று ஆரம்பித்தேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது. என் அரை மணி நேரம் முடிந்துவிட்டதாம்!

மறுநாள் காலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "எல்லாத்தையும் காட்டு" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தாள். "பத்தி எழுதலையா?"

"அது கெடக்குது."

ஒவ்வொரு செட்டிங்காகத் திறந்து காட்டினாள். எதை மாற்றினாள், எது காலை வாரியது, எந்த எழுத்து எந்த வரியில் அடம்பிடித்தது என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நாளும் இந்த முகம் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதீர்கள். நேற்று எனக்குப் போர்டில் பதவி உயர்வு வந்தது. இனி தினமும் ஒரு மணி நேரம். ஆகா, பரிமளாவின் மனசு இளகிவிட்டது என்று பூரித்துப்போய் அவளிடமே ஓடினேன்.

"நானா போடலைங்க. அவருதான் சிபாரிசு பண்ணாரு, 'பாவம், பெரியவரு தமிழ் நல்லா தெரிஞ்சவரு'ன்னு."

கட்டிய மனைவியோடு கூடுதலாக அரை மணி நேரம் பேச, கீழ்பென்னாத்தூரிலிருந்து சிபாரிசு... அதிலும், 'பெரியவரு'!