லண்டன் டிஸ்கில் இருந்த விசில்

குவைத்தின் மங்காஃபில் எங்கள் ஹாலில் நிம்மதியாகக் கால் நீட்ட இடமில்லை. மூன்று ப்ளூ-ரே பிளேயர்களுக்கு மட்டும் இருக்கிறது. குவைத்தில் வாங்கியது மலேசிய டிஸ்கைப் படிக்காது, மலேசியாவில் வாங்கியது லண்டன் டிஸ்கைப் படிக்காது, இந்தியாவுக்கு இன்னொன்று. உலகத்தை இப்படி மூன்று மண்டலமாகப் பங்கு போட்ட புண்ணியவான் கையில் கிடைத்தால், என் வீட்டைத் தூசு தட்டச் சொல்வேன்.

என் கணவர் ரவிசங்கர் எண்ணெய்க் கம்பெனியில் கருவிகளைச் சரிபார்க்கும் இன்ஜினியர். டூட்டி முடிந்து வந்தால் வீட்டிலும் சரிபார்ப்புதான், அதுவும் ஒரே ஒரு படத்தை. 1980-ல் வந்து இரண்டு வாரம்கூட ஓடாத படம். பிற்பாடு வெளிநாட்டு விழாக்காரர்கள் கண்ணில் பட்டு, மூன்று நாடுகளில் டிஸ்க்காக வந்தது. அதில் ஒரு தபால்காரர் மூன்று வரி பேசுவார். நடித்தவர் யாரோ, குரல் என் மாமனாருடையது. டப்பிங்கில் துண்டு துண்டாகக் குரல் கொடுத்துப் பிழைத்தவர், ரவிக்கு இரண்டு வயதாகும்போது போய்விட்டார். வேறு பதிவு எதுவும் இல்லை. மொத்தம் பதினான்கு வினாடி.

"அம்மா கேக்கணும் பிரபா. நாப்பத்தி நாலு வருஷமாச்சு. ஆனா குறையில்லாம கேக்கணும்" என்பார். அந்தக் குறையில்லாமையில்தான் எங்கள் விடுமுறை வெள்ளிக்கிழமைகள் எல்லாம் போயின.

மலேசிய டிஸ்கில் பழைய சத்தத்தை ஐந்து ஸ்பீக்கருக்குப் பிரிக்கிறேன் பேர்வழி என்று மழை ஓசையைக் கொட்டியதில் குரல் முங்கிப்போனது. பிரெஞ்சு டிஸ்கில் படம் பளிங்கு மாதிரி. ஆனால் ஓட்டம் கொஞ்சம் வேகம், குரல் அரை சுருதி ஏறிவிட்டது, வரிகளுக்கு நடுவே சத்தமே இல்லாமல் வழித்தும்விட்டார்கள். லண்டன் டிஸ்கில் நிறம் பழுப்படித்தாலும் குரல் கனமாக, பக்கத்தில் நின்று பேசுவது போல் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மெல்லிய விசில் மாதிரி ஒரு சத்தம்.

"அப்பாவோட டப்பிங் டேப் மட்டும் கெட்டுப்போயிருக்கு" என்று முடிவு கட்டினார் ரவி. கம்ப்யூட்டரில் அவர் போட்டு வைத்திருந்த அட்டவணையில், குறை என்ற கட்டத்தில், 'விசில், மூன்று இடம்' என்று எழுதினார். லண்டன் கம்பெனிக்குப் பதினொரு மெயில் போட்டார். கடைசியில் அவர்கள் இறங்கி வந்தார்கள். பழைய டிஸ்கைத் திருப்பி அனுப்பினால், சுத்தம் செய்த புதுப் பதிப்பு தருவார்களாம்.

"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமே?" என்றேன்.

"கெட்டதை வெச்சு என்ன பண்றது?" என்றார்.

புது டிஸ்கும் வந்தது, விசிட் விசாவில் என் மாமியார் பஞ்சவர்ணமும் வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் அத்தை குளித்து, பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தார். ரவி டிஸ்கை மூன்று முறை துடைத்துவிட்டுப் போட்டார். தபால்காரர் பேசினார். ஒரு இரைச்சல் இல்லை.

"குரல் அவரோடதுதான்" என்றார் அத்தை. கொஞ்சம் பொறுத்து, "ஆனா மூச்சே விடாம பேசறாரேடா" என்றார்.

"வரிக்கு முன்னால ஒரு விசில் இருந்துச்சும்மா. எடுக்கச் சொல்லி நான்தான் எழுதினேன்."

"விசிலா? அது ஆஸ்துமா இழுப்புடா. அப்பா அதுலதான் போனாரு."

"நெஞ்சுவலின்னுதானேம்மா சொன்னே?"

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். "இழுப்புன்னு தெரிஞ்சா இவங்க வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாங்களா? குடும்ப வியாதின்னு ஒதுக்கிடுவாங்க. நெஞ்சுவலின்னு சொல்லி வெச்சேன். அப்புறம் மாத்திச் சொல்லத் தோணலை."

எனக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தெரிந்திருந்தால் என் அப்பா கொடுத்திருக்க மாட்டார் என்பதும் உண்மைதான். ஆனால் பத்து மாதமாகப் பதினொரு மெயில் எழுதி, சொந்த அப்பாவின் மூச்சைத் துடைத்து எடுக்கச் சொன்ன மனுஷன் என் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று மதியமே பன்னிரண்டாவது மெயில் போனது: அந்தக் கெட்ட டிஸ்கையே திருப்பித் தாருங்கள், என்ன விலையானாலும் சரி. மூன்றாம் நாள் பதில் வந்தது. திரும்பி வந்தவற்றை எல்லாம் அழித்துவிட்டார்களாம். பழைய பதிப்பு வேறு எங்கும் விற்பனைக்கு இல்லை. ரவி அந்தப் பதிலை நாலைந்து முறை படித்தார்.

"இன்னொரு தடவை போடுடா" என்றார் அத்தை.

போட்டார். தபால்காரர் வாசலுக்கு வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன், அத்தை கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய விசில் மாதிரி மூச்சை இழுத்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால், மூன்று இடத்திலும், கொஞ்சமும் பிசகாமல்.