நண்பன் வாங்கிய கம்ப்ரஸர்

எங்கள் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் என்றால் காற்றை அழுத்தித் தரும் பெரிய இயந்திரம். ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில்தான் எனக்கும் என் நண்பனுக்கும் வேலை. அதனால் அவன் ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான், கம்ப்ரஸர் வாங்கிட்டேன்" என்றபோது முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவன் சொன்னது குரல் பதிவுக்கான கருவி. பாடும்போது மெல்லிய இடங்களைத் தூக்கிவிட்டு, உரத்த இடங்களைப் பிடித்து நிறுத்தும். சென்னையில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து பழையதாக வாங்கியிருந்தான். நல்லது என்று கைகொடுத்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் வயிறு எரிந்தது.

நாங்கள் இருவரும் வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறவர்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, ஐந்து பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்த காலத்திலேயே நான் லேப்டாப்பும் மைக்கும் வைத்திருந்தேன். மற்றதெல்லாம் லேப்டாப்புக்குள் ப்ளக்-இன்களாக இருந்தன. கம்ப்ரஸர் போன்ற பெட்டிகள் செய்கிற வேலையைச் செய்யும் மென்பொருள்கள் அவை. அவனுக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்தவனே நான்தான். பெட்டி வாங்குவது வீண், எல்லாம் மென்பொருளிலேயே வந்துவிட்டது என்று அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வசதி இருந்திருந்தால் நானும் வாங்கியிருப்பேன் என்பதைச் சொன்னதில்லை. அவனுக்கு வாலாஜாபாத்தில் சொந்த வீடு, மாடியில் தனி அறை. எனக்கு வாடகை வீட்டில், பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு மேசை.

என் மனைவி நன்றாகப் பாடுவாள். அவளுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் இருவருக்கும் ஒன்றாக விடுமுறை. மூன்று வருடமாக ஞாயிறு காலைகளில் அவளைப் பாடவைத்துப் பதிவு செய்தேன். எங்காவது பிசகினால், "பரவால்ல, பொறவு நான் சரி பண்ணிக்கிடுதேன்" என்பேன். சரி செய்தும்விடுவேன்.

நண்பன் தன் அக்கா குழந்தைக்காக ஒரு தாலாட்டு எழுதி மெட்டும் போட்டிருந்தான். அதைப் பாட என் மனைவியைக் கூப்பிட்டான். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மைக்கிலிருந்து வரும் குரலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அவன் பெட்டி வழியாகவும் இன்னொன்றை நேராகவும் பதிய வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டான்.

அவன் மாடி அறையில் அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பாடினாள். அவன் பெட்டியின் குமிழில் விரல் வைத்து, அவள் மூச்சைக் கவனித்து மெல்லத் திருப்பிக்கொண்டே இருந்தான். இரண்டாவது சரணத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிக் கண்ணை மூடிப் பாடியதே இல்லை. முடித்ததும் ஹெட்ஃபோனைக் கழற்றி, என்னைப் பார்க்காமல் அவனைக் கேட்டாள்: "இன்னாண்ணா இது, என் கொரலா?"

கீழே அவன் அம்மா காபிக்குக் கூப்பிட, அவர்கள் முன்னால் போனார்கள். நான் அந்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மைக்கில் மெதுவாக ஒரு வார்த்தை பேசினேன். என் முணுமுணுப்புகூட நிறைவாக, காதோரம் வந்து நின்றது. வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று அந்தக் கணமே தெரிந்துவிட்டது. இங்கே அவள் பாடும்போதே, பெட்டி வழியாக வந்த தன் குரலை அழகாகக் கேட்டாள். அதனால் தைரியமாகப் பாடினாள். என்னிடம் பாடும்போது வெறும் குரல்தான் அவள் காதில் விழும். பூச்சு வேலையெல்லாம் நான் பிறகு செய்வது. பதிவின்போதே ப்ளக்-இன்னை ஓடவிட்டால் என் பழைய லேப்டாப்பில் குரல் பின்தங்கிக் கேட்டுப் பாடுகிறவரைக் குழப்பும். கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்லாமல் காபி குடித்தேன். திரும்பும்போது அவள் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அந்தத் தாலாட்டையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். காதில் விழாமலிருக்க வண்டியை வேகமாக ஓட்டினேன்.

அந்த வாரம் முழுக்க, நேராகப் பதிந்த குரலை வைத்துக்கொண்டு ப்ளக்-இன்களால் இழைத்தேன். அடுத்த ஞாயிறு அவன் அறையில் இரண்டையும், எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். இருவரும் முதலாவதுதான் நன்றாக இருக்கிறது என்றார்கள். அது என்னுடையது. அவன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பாட்டை இப்படிப் பாடவைத்தது உன் பெட்டிதான், நான் பின்னால் வந்து அலங்காரம் செய்தவன் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். "நான் அப்பவே சொன்னேம்லா" என்றேன்.

அடுத்த மாதம் பஸ்ஸில் சொன்னான்: "நீ சொன்னதுதான் கரெக்ட் மச்சான். காஞ்சிபுரத்துல ஒருத்தர் பெட்டியக் கேட்டாரு, குடுத்துட்டேன்." அன்று நான் வீட்டுக்கு ஜிலேபி வாங்கிக்கொண்டு போனேன்.

பிறகு வந்த ஞாயிறு என் மேசையில் வேறொரு பாட்டைப் பதிந்தோம். நாலு தடவை பாடிவிட்டு அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

"அங்க பாடுன மாதிரி வரலைங்க. இங்க என் கொரலு எனக்கே புடிக்கல."

காரணத்தைச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்ததும், அன்றே தெரிந்தும் அவனிடம் மறைத்ததும் வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னீர்களா என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை டீ இடைவேளையில் அவனிடம் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?" என்றான்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"அது அவ கொரலான்னு ஒங்கிட்ட கேட்டா. எங்கிட்ட ஒருநாளும் அப்படிக் கேட்டதில்ல."

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு மாதம் பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தான். காஞ்சிபுரத்துக்காரரிடம் நானே போய்க் கேட்டுப் பார்த்தேன். அவர் பெட்டியைத் திருப்பித் தருவதாக இல்லை.

கடைசியில் என் மனைவிதான் அவனுக்கு ஃபோன் செய்து, ஒரு பாட்டு இருக்கிறது, வரமுடியுமா என்று கேட்டாள். வந்தான். என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருந்த எல்லாவற்றையும் மூடினான். இலேசான ஒரே ஒரு ப்ளக்-இன்னை மட்டும் ஓடவிட்டு, தாமதம் தெரியாத அளவுக்குக் குறைத்தான். பத்து நிமிடம் ஆகியிருக்கும். மூன்று வருடத்தில் நான் எப்போது வேண்டுமானாலும் செய்திருக்கக்கூடிய வேலை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, அதனால் முயன்றே பார்க்கவில்லை. அவன் மவுஸில் விரல் வைத்து அவள் மூச்சைத் தொடர்ந்தான். அவள் கண்ணை மூடிப் பாடினாள்.

இப்போதெல்லாம் மாதம் ஒரு ஞாயிறு அப்படித்தான் பதிவு நடக்கிறது. பஸ்ஸில் பழையபடி என் பக்கத்தில் உட்காருகிறான். முன்பு போல எல்லாவற்றையும் பேசுவதில்லை; வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அவன் நல்லவன். அவளுக்கு அவன் அண்ணன்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், அவள் பாடத் தொடங்கியதும் என்னால் அந்த அறையில் இருக்க முடிவதில்லை. வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். முடிந்ததும் அவள் கேட்டுப் பார்க்கக் கூப்பிடுவாள். போய்க் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இருவரிடமும் சொல்கிறேன். அது பொய்யில்லை.