மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

ஒரு வெள்ளி ரூபாய் என்னைக் கொல்லப் பார்க்கிறது என்று பதினோரு நாள் முழுமனதாக நம்பியவன் நான். இருபத்தைந்து வருடமாகப் பழைய நாணயம் சேர்க்கிறவன், கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளலாம்.

அதை டவுனில் ரதவீதிப் பக்கம் ஒரு நாணயக் கடையில் வாங்கினேன். சேறு காய்ந்து விறைத்த மஞ்சள் துணியில் முடிந்திருந்தது. "ஏரல்ல வெள்ளம் வடிஞ்ச பொறவு சேத்துல கெடந்தது வே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. ஏரல் ஆற்றங்கரை ஊர், வெள்ளத்தில் முங்கிய ஊர். அவ்வளவுதான், என் கை சட்டைப்பைக்குப் போய்விட்டது. வீட்டில் அவிழ்த்துப் பார்த்தால், மன்னர் தலை போட்ட சாதாரண ரூபாய். அதே வருடத்து ரூபாய் என்னிடம் நாலு இருந்தன. விளிம்பில் ஒரு தழும்பு வேறு. அண்ணாச்சி விற்றது வெள்ளத்தை. நான் வாங்கியதும் அதைத்தான். 'ஏரல் வெள்ளம்' என்று அட்டையில் அழகாக எழுதி உறைக்குள் வைத்தேன்.

துணியை என் மனைவி பார்த்தாள். "நேர்ச்சைக் காசுல்லா இது? முடிச்ச அவுத்துட்டியளே."

வீட்டில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து என்றால் மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். பிழைத்து எழுந்தால் அப்படியே உண்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை முடிச்சில் யாரும் கை வைக்கக்கூடாது. எனக்கும் தெரியும். காசின் வருடம் பார்க்கிற அரிப்பில் மறந்துவிட்டது.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஸ்கூட்டர் சறுக்கியது. அதற்கடுத்த நாள் நெஞ்சு அடைத்தது. டாக்டர் வாயு என்றார். முடிச்சு அவிழ்ந்த விவரம் அவருக்குத் தெரியாதே என்று இரக்கப்பட்டேன். தோஷம் கழியட்டும் என்று ரூபாயை எவர்சில்வர் டப்பாவில் உப்புக்குள் புதைத்தேன். உப்பு வெள்ளியை அரிக்கும் என்று ஊரெல்லாம் பாடம் எடுத்தவனும் நான்தான். உண்மையான பயம் வேறு. இது யாருக்காக முடிந்ததோ, அவர் வெள்ளத்தோடு போயிருந்தால்?

பன்னிரண்டாம் நாள் ரூபாயைத் திரும்ப உறையில் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போய், யார் கொடுத்தது என்று கேட்டேன். "கை மாறி வார சாமானுக்கு வீட்டு விலாசம் கேட்டா எவன் வே கடை நடத்துவான்?" என்று சலித்துக்கொண்டு, ஏரலில் ஒரு பழைய இரும்புக் கடையைச் சொன்னார். அந்தக் கடைக்காரருக்கு ஞாபகம் இருந்தது. துருப்பிடித்த டிரங்குப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்ததாம். பெட்டி வந்த வீட்டையும் காட்டினார்.

அந்த வீட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், முடிச்சு அவிழ்த்தது உட்பட. அம்மா ரூபாயின் விளிம்பைத்தான் தடவினார்கள். தன் தாயார் கழுத்தில் கிடந்த காசாம். கோத்திருந்த வளையத்தை அறுத்த தடம்தான் அந்தத் தழும்பு. கணவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தபோது திருச்செந்தூருக்கு நேர்ந்து முடிந்தது. அவர் பிழைத்து வந்தார். கோயிலுக்குக் கிளம்புவதற்குள் ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது. முடிச்சு வெள்ளத்தோடு போயிற்று என்று நினைத்துப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வேறு காசு போட அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. நேர்ச்சை தீராமல் கணவரைத் தெருமுனை தாண்ட விடவும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த அந்தக் கணவர், "தம்பி, நான் பஸ் ஏறி வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றார். என்னை அப்படி ஆசையாக யாரும் பார்த்ததில்லை.

முடிச்சு அவிழ்ந்ததால் குற்றம் ஏதும் உண்டா என்று மெல்லக் கேட்டேன்.

"அவுந்தா திரும்ப முடிஞ்சிக்கிடலாம்" என்றார்கள் அம்மா. உறையிலிருந்த அட்டையை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். "வெள்ளம் எங்க வீட்டுக்குள்ளல்லா வந்துச்சு. அத நீங்க எதுக்குத் தம்பி எழுதி வச்சிருக்கிய?"

ரூபாயை அவர்கள் கையிலேயே விட்டுவிட்டு, அட்டையை மட்டும் வாங்கிக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதெல்லாம் கடையில் வருடத்தைப் பார்க்கும் முன் எந்த வீட்டுக் காசு என்று கேட்கிறேன். அண்ணாச்சி என்னைக் கண்டால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்.

அடுத்த கிருத்திகையன்று அவர்கள் இருவரும் பஸ்ஸில் திருச்செந்தூர் போய், புது மஞ்சள் துணியில் முடிந்து, அந்த ரூபாயை உண்டியலில் போட்டார்கள்.