நிலைப்படிக்கு இந்தப் பக்கம்

ரொறன்ரோவில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டியவன் நான். ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்தபடியே கதவைச் சாத்தியிருக்கிறேன். அதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. நேரம் என்றால் நேரம்.

என் மனைவி வேறு ரகம். பிக்கரிங்கில் அவளுடைய தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனால், புறப்படுகிறோம் என்று எழும்பியபிறகு உண்மையில் புறப்பட ஒரு மணித்தியாலம் செல்லும். கோட், சப்பாத்து எல்லாம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றுதான் அக்காவும் தங்கையும் முக்கியமான கதைகளைத் தொடங்குவார்கள். கடைசியில் தங்கை கறிப்பெட்டியை நீட்டுவாள். நிலைப்படிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் நின்று எதையும் கொடுத்து வாங்கக்கூடாது என்பது இவர்களுடைய சட்டம். ஆகவே இவள் மறுபடி சப்பாத்தைக் கழற்றி, உள்ளே போய் வாங்குவாள். உள்ளே போனால் இன்னொரு கதை. நான் காருக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பேன்.

ஓய்வு பெற்றதும் ஜப்பானுக்குப் போவோம் என்று நான் சொன்னதற்கு ஒரே காரணம் அங்கத்தைய ரயில்கள். இரண்டு கிழமையும் எனக்குச் சொர்க்கம். மேடையில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். ரயில் கதவு சரியாக அந்தக் கோட்டில் வந்து திறந்தது. மனைவி கோயில்களைப் படம் எடுத்தாள், நான் கதவுகளைப் படம் எடுத்தேன். உம்முடைய வாசல் கதை இந்த நாட்டில் சரிவராது என்று நாளுக்கு ஒருமுறையாவது அவளைக் குத்திக் காட்டினேன்.

கடைசியாக, மலையடிவாரத்துச் சிறிய ஊரொன்றில் ஒரு வயதான தம்பதி நடத்தும் விடுதியில் தங்கினோம். காலை ஒன்பது பன்னிரண்டு ரயிலைப் பிடித்தால்தான் பெரிய ஸ்டேஷனில் மாறி, ரொறன்ரோ விமானத்துக்கு ஆறுதலாகப் போய்ச் சேரலாம். அடுத்தது ஒரு மணித்தியாலம் கழித்து. அதில் போனால் விமானம் கிடைப்பது சந்தேகம். இதை மனைவிக்கு மூன்று தரம் சொல்லிவைத்தேன்.

விடுதி வாசலில் ஒரு படி. சப்பாத்தைக் கீழே கழற்றிவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும். எட்டரைக்கு நாங்கள் சப்பாத்துடன் கீழே நின்றோம். அந்த அம்மா மேலே முழந்தாளிட்டு, துணியில் சுற்றிய சிறு பெட்டியொன்றை இரண்டு கையாலும் நீட்டினார். நினைத்தபடியே மனைவி சப்பாத்தைக் கழற்றினாள். ஏறி, வாங்கி, குனிந்து வணங்கி, இறங்கிச் சப்பாத்தைப் போட்டாள். ஒன்றும் கொடுக்காமல் வாங்கிக்கொண்டு போகலாமா என்று என்னையே கேட்டுவிட்டுச் சூட்கேசைத் திறந்தாள். வழிக்குக் கொண்டுவந்த, நாட்கணக்கில் கெடாத பருத்தித்துறை வடையில் ஒரு பக்கற் மிச்சம் இருந்தது. மறுபடி சப்பாத்தைக் கழற்றினாள். அந்த அம்மாவும் சும்மா வாங்கி வைக்கிற ஆள் இல்லை. வடையை நெற்றிவரை உயர்த்தி ஏற்றுக்கொண்டு உள்ளே ஓடி, தேயிலைப் பக்கற் ஒன்றுடன் வந்தார். இவள் மேப்பிள் சிரப் போத்தலைத் தேடத் தொடங்கினாள்.

அந்த அம்மாவின் கணவர் எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வெளியே காரை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல ஹோர்ன் அடித்தார். அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

ஒன்பது பத்துக்கு ரயில் கோட்டில் வந்து நின்றது. மனைவியையும் சூட்கேசுகளையும் ஏற்றி, நானும் ஏறினேன். வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்போது வழியனுப்ப மேடைவரை வந்த விடுதிக் கிழவர் தன் கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு பொதியை எடுத்து நீட்டினார். வழிச் சாப்பாடு. சோற்று உருண்டைகள், இளஞ்சூடு.

நான் கதவுக்கு உள்ளே, அவர் வெளியே.

என் கால் ஏன் அப்படிச் செய்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கீழே இறங்கினேன். இரண்டு கையாலும் வாங்கினேன். ஒன்றும் கொடுக்காமல் எப்படி ஏறுவது? தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஒன்பது பன்னிரண்டு.

கண்ணாடிக்கு அப்பால் மனைவி தன் கைக்கடிகாரத்தை விரலால் இரண்டு தரம் தட்டிக் காட்டியபடி போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தச் சூட்டுப் பொதியை உள்ளே நின்றபடி எட்டி வாங்கியிருந்தால் இன்னும் வெட்கமாக இருந்திருக்கும். அடுத்த ரயில் வரும்வரை கிழவர் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

பெரிய ஸ்டேஷனில் மனைவி சூட்கேசின்மேல் இருந்தாள்.

"ஏன் இறங்கினனீங்கள்?"

"அவர் வெளியில நிண்டவர்," என்றேன்.

"ஓம்," என்றாள். ஓட்டமாய் ஓடி, கடைசி இரண்டு பேராக விமானத்தில் ஏறினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பிக்கரிங்கில் தங்கை கறிப்பெட்டியை நீட்டினாள். மனைவி சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவள், காருக்குள் இருந்த என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். நான் ஹோர்னிலிருந்து கையை எடுத்து எஞ்சினை நிறுத்தினேன்.