எம். புதுப்பட்டியில் லீவு விட்ட நாள்

இந்த விவகாரம் தொடங்குவதற்கு முன் விருதுநகரில் என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்து, துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் அத்தாவுக்கு மிளகாய் வற்றல் மண்டி; குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான். பட்டாசு ஆலை முதலாளிகளில் பலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். தொழிலாளருக்கும் முதலாளிக்கும் தகராறு வந்தால் இரு தரப்பும் என் வீட்டுக்கு வருவார்கள். என் தீர்ப்பில் குறை சொன்னவர்கள் உண்டு. நான் ஒரு பக்கம் சாய்ந்தேன் என்று சொன்னவர் இல்லை. ஆண்டுதோறும் முதலாளிகள் நடத்தும் பாதுகாப்பு வாரக் கூட்டத்துக்கு நான்தான் தலைமை தாங்கிவந்தேன். "பாய் சார் சொன்னா சரி" என்பது ஊரில் வழங்கிய பேச்சு. அந்தப் பேச்சைச் சம்பாதிக்க எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின.

சென்ற ஆவணியில் டில்லியிலிருந்து ஓர் அதிகாரி என்னைத் தேடி வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண்மணி; நாற்பது வயதிருக்கும். நீடித்த வளர்ச்சி இலக்குகள் பற்றிய பன்னாட்டுப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும் நம் நாட்டுக் குழுவுக்குக் குறிப்புகள் தயாரிக்கும் பணி அவருடையது. அபாயமான தொழில்களைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. அதற்கு முன் வேலை நடப்பதைக் கண்ணால் பார்க்க விரும்பினார். சென்னையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நம் நாட்டின் நிலைப்பாட்டை அவர் என் வீட்டு முன்னறையில் அமர்ந்து தெளிவாகவே விளக்கினார். இலக்குகள் நமக்கும் உடன்பாடுதான். ஆனால் பணக்கார நாடுகளுக்கு வைக்கும் அதே கெடுவை நமக்கும் வைக்கக் கூடாது. பாதுகாப்பான இயந்திரங்களும் தொழில்நுட்பமும் வைத்திருப்பவர்கள் அவற்றைப் பகிர வேண்டும்.

"இதைச் சொன்ன உடனே எதிர்ல ஒருத்தர் கேப்பாருங்க, உங்க ஊர்ல இப்ப நிலைமை எப்படின்னு. எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னா, அப்புறம் அவகாசம் எதுக்கும்பாங்க. குறை இருக்குன்னு சொன்னாத்தான் கருவி கேக்க முடியும். அந்தக் குறையை நான் பார்க்கணுமுங்க, சார்."

"நாளைக் காலை பார்ப்பீர்கள்" என்று வாக்குக் கொடுத்தேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஆலை வைத்திருக்கும் என் மாணவர் ஒருவரிடம் அன்று பிற்பகலே பேசினேன். அவருக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டது. "நீங்க கூட்டிட்டு வந்தா எனக்கென்ன சார், தாராளமா வாங்க" என்றார். அதிகாரி வருவதை வேறு எவரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காரணம் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். அரசு வண்டி ஒன்று சாலையில் தென்பட்டால் ஆலைகள் லீவு விட்டுவிடும். உரிமம் சரியாக இருக்கும் ஆலையும் மூடும். இல்லாத ஆலையும் மூடும். அது பல காலத்துப் பழக்கம்.

மறுநாள் ஏழரை மணிக்குப் போய் நின்றோம். கேட் பூட்டியிருந்தது. உள்ளே அறைகளைச் சுற்றிச் சுத்தமாகப் பெருக்கி, தண்ணீர் தெளித்திருந்தார்கள். காவலாளி என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு நெளிந்தார்.

"இன்னைக்கு லீவு சார்."

"தீபாவளி சீசனில் என்ன லீவு?"

"எனக்கென்ன தெரியும்? பூட்டச் சொன்னாக, பூட்டிட்டேன்."

அந்தச் சாலையில் அடுத்தடுத்து ஐந்து ஆலைகளைப் பார்த்தோம். ஐந்திலும் பூட்டு. அதிகாரி கைபேசியில் மணியைப் பார்த்தார். மாலையில் மதுரையில் விமானம் ஏற வேண்டியவர். அவர் எதையும் பார்க்காமல் திரும்பினால் பத்தி இல்லை. என் வாக்கும் பொய்த்துப்போகும்.

திரும்பும் வழியில் பேருந்து நிழற்குடையில் பத்துப் பதினைந்து பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். காரை நிறுத்தச் சொல்லி, நானே இறங்கி, என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். மருந்து செலுத்தும் வேலையில், அதாவது வெடிக்கலவையைக் குழல்களில் நிரப்பும் வேலையில், இருபது வருடம் இருந்த ஓர் அம்மாள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார்.

"டில்லியிலேருந்து யாரோ பெரிய மகராசி வந்திருக்காகளாம். அதான் எங்கள எறக்கி விட்டுட்டு, கம்பெனி வேனைப் பாதி வழியிலயே திருப்பிட்டாக. அவுக பாட்டுக்குப் பிளேன்ல போயிருவாக. சோத்துச் சட்டியத் தூக்கிட்டு நாங்கல்ல அலையுறோம்."

எனக்குப் பின்னால் வந்து நின்ற அதிகாரி, "அந்த மகராசி நான்தானுங்க" என்றார்.

பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். "ஏ அக்கா, வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருன்னா கேக்கியா நீ?" என்று ஒருத்தி அந்த அம்மாளை இடித்தாள்.

"எதுக்குடி சும்மா இருக்கணும்? வந்தது வந்துட்டாக, கேட்டுட்டுப் போகட்டும். உக்காருங்க தாயி."

அதிகாரி அந்தச் சிமெண்ட் திண்டிலேயே உட்கார்ந்து நோட்டை எடுத்தார். இந்தத் தொழிலைப் பற்றி வெளிநாட்டில் என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

"கம்பெனிய மூடணும்னு மட்டும் சொல்லிராதீக. எங்க காட்டுல மழை பேஞ்சாத்தான் வெள்ளாமை. ஒரு ரூமுக்கு நாலு பேருன்னு செவுத்துலயே எழுதிப் போட்டிருக்காக. சீசன் வந்தா, லோடு போகணும்னு எட்டுப் பேர உக்கார வைக்காக. ஒண்ணுன்னா ஒண்ணு ஆச்சுன்னா எட்டுப் பேரும் எந்திரிச்சு ஓட முடியுமா? நாலுன்னா நாலா இருக்கட்டும்னு சொல்லுங்க. அம்புட்டுதான்."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "சார், இந்த வட்டாரம் முழுக்க உங்களுக்குத் தெரியும். இது உண்மைங்களா?"

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மாணவரின் ஆலைச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் எழுதிய அந்த எண்ணை நான் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகும் பாதுகாப்பு வார மேடையில் மாலை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

"உண்மை" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் என் மாணவர் வீட்டுக்கு வந்தார். நான் சொன்ன பிறகும் உட்காரவில்லை.

"என்ன சார், அதிகாரிகிட்ட உண்மைன்னு சொல்லி இப்படிப் பண்ணிட்டீக? நாங்க உங்களுக்கு என்ன குறை வச்சோம்?"

"வாக்குக் கொடுத்துவிட்டுப் பூட்டியவர் நீங்கள்."

"எல்லாரும் பூட்டும்போது நான் மட்டும் திறந்து வச்சா, அதிகாரிய வரவழைச்சதே நான்னு பேசுவாக. உங்களுக்குத் தெரியாதா?"

"ஊருக்குச் சொன்னது யார்?"

அவர் தன் கைபேசியை என் முன் நீட்டினார். போர்மேன்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம். கண்ணாடியில் 'இந்திய அரசு' என்று ஒட்டிய வெள்ளைக் கார். அருகில் கையில் பொட்டலத்தோடு நான். இடம் சாத்தூர்.

ஆலைகளைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் மாலை என் மனைவி, "வீடு தேடி வந்தவகள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்க, சாத்தூர்ச் சேவு வாங்கிட்டு வாங்க" என்றாள். அதிகாரி தன் காரையே எடுத்துப்போகச் சொன்னார். கடையில், "யாருக்கு சார் இந்நேரம்?" என்று கேட்டார்கள். டில்லியிலிருந்து வந்திருக்கும் அதிகாரிக்கு என்றேன். அதைச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பக்கத்தில் ஒரு போர்மேன் நின்றிருக்கிறார்.

மாணவர் போன பிறகு மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டே, "அப்போ தப்பு என் சேவுமேலதானா?" என்றாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவ்வாண்டு பாதுகாப்பு வாரக் கூட்டத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வேறொருவர் தலைமை தாங்கினார். பேச்சுவார்த்தை முடிந்தபின் அதிகாரி தொலைபேசியில் பேசினார். தாம் எழுதிய பத்தி மேசைக்குப் போய், பல நாடுகளின் கைபட்டு, கடைசியில் அரை வாக்கியமாக நின்றது என்றார். அதில் அவகாசமும் கருவியும் இருக்கின்றன, குறை உண்டு என்ற ஒப்புதலும் இருக்கிறது என்றார். ஆலைச் சுவரில் எழுதிய எண்ணைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இப்போது ஊரில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். முதலாளிகளுக்கு நான் முன்கூட்டியே போன் செய்து ஆலைகளைப் பூட்டவைத்தேன் என்கிறார்கள். ஆலைகளை மூடுவதற்காக நானே அதிகாரியை வரவழைத்தேன் என்கிறார்கள். என்மேல் மதிப்புள்ள சிலர், உலக மேடையில் நம் நாடு படித்தது பாய் சார் எழுதிக் கொடுத்தது என்றும் சொல்லித் திரிகிறார்கள்.

மூன்றும் தவறு. என் மாணவர் ஒருவரைத் தவிர எந்த முதலாளியிடமும் நான் பேசவில்லை. அதிகாரி தாமாகவே வந்தார். அந்தப் பத்தியில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நிழற்குடையில் அந்த அம்மாள் சொன்னதை அதிகாரி எழுதினார். நான் செய்தவை இரண்டு. சாத்தூரில் அரைக் கிலோ காரச்சேவு வாங்கும்போது அது யாருக்கு என்று சொன்னேன். கேட்டபோது, உண்மை என்றேன்.